இரண்டே நாளில் வாடிப்போன ஊதா கிளெமாட்டிஸ்: பிடுங்குவதற்கு முன் படியுங்கள்

செடியைப் பிடுங்கிப் போடாதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

நீங்கள் எழுதியிருப்பது இதுதான். வசந்த காலத்தில், பெரிய ஊதாப் பூ பூக்கும் கிளெமாட்டிஸ் கொடி ஒன்றை வாங்கிச் சுவரோரம் நட்டீர்கள். மளமளவென்று ஆள் உயரத்துக்கு ஏறியது. உள்ளங்கை அகலத்தில் நான்கைந்து பூ பூத்தது, ஒவ்வொன்றிலும் எட்டு இதழ். இன்னும் பத்துப் பதினைந்து மொட்டு இருக்கும்போதே இரண்டு நாளில் முழுச் செடியும் தலை தொங்கி, இலை கறுத்துவிட்டது. தண்ணீர் ஊற்றிப் பார்த்தும் எழவில்லை. பெயர் அட்டையும் தொலைந்துவிட்டது. செத்துவிட்டதா, வேறு வாங்கலாமா, எப்படி நடுவது, எப்போது வெட்டுவது என்று கேட்கிறீர்கள்.

இந்தச் செடியைப் பற்றி ஒரு விஷயம் பிடிபட்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். கிளெமாட்டிஸின் உயிர் மண்ணுக்குக் கீழே இருக்கிறது. மேலே தெரியும் கொடி அது வருடத்துக்கு ஒரு தடவை போட்டுக்கொள்ளும் உடுப்பு மாதிரி. உடுப்பு கிழிந்தால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தமில்லை. ஆழமாக நடுவது, அடிவரை வெட்டுவது, வாடியபின் காத்திருப்பது எல்லாமே இந்த ஒரு காரணத்தில் வந்து நிற்கும்.

உங்கள் செடிக்கு வந்திருப்பது அநேகமாக வாடல் நோய். கலோஃபோமா கிளெமாடிடினா என்ற பூஞ்சை அதற்குக் காரணம். பழைய புத்தகங்களில் ஃபோமா அல்லது அஸ்கோகைட்டா என்று இருக்கும், எல்லாம் ஒன்றுதான். இலையிலோ தண்டிலோ ஏற்பட்ட சிறு காயம் வழியாக உள்ளே போகும். காற்றில் முறுக்கிய தண்டு, நத்தை சுரண்டிய இடம், கயிறு இறுக்கிய இடம், இவை எல்லாம் அதற்கு வாசல். பெரும்பாலும் மண்ணை ஒட்டிய கணு ஒன்றில் உட்கார்ந்து, தண்ணீர் ஏறும் பாதையை அடைத்துவிடும். அதனால்தான் அந்த இடத்துக்கு மேலே உள்ள அத்தனையும் ஒன்றாகத் தொங்குகிறது. வேர் நன்றாக இருக்கும், மண் ஈரமாக இருக்கும், ஆனால் தண்ணீர் மேலே போகாது. நீங்கள் எவ்வளவு ஊற்றினாலும் எழாததற்குக் காரணம் அது.

தாகத்தில் வாடுவதும் இதுவும் பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும், ஆனால் வேறுபடுத்திப் பார்க்க வழி உண்டு. தாகம் என்றால் நுனிக் கொழுந்து முதலில் துவளும், தண்ணீர் விட்டால் சில மணி நேரத்தில் நிமிரும். வாடல் நோய் என்றால் இலைக்காம்பும் நரம்பும் கறுக்கும், நிமிராது. பல சமயம் ஒரு தண்டு மட்டும் கருகி, பக்கத்துத் தண்டு பச்சையாக நிற்கும். சந்தேகம் இருந்தால் வாடிய தண்டை அடிப்பக்கம் கணுவுக்கு அருகில் குறுக்காக வெட்டிப் பாருங்கள். நல்ல தண்டு உள்ளே வெளிர் பச்சையாக, ஈரமாக இருக்கும். நோய் பட்டது தேயிலைக் கறை போலப் பழுப்பாகவோ கறுப்பாகவோ தெரியும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: நோயே இல்லாமல், காற்றிலோ கால் பட்டோ தண்டு அடியில் முறிந்திருந்தாலும் இதே கோலம்தான். கிளெமாட்டிஸ் தண்டு பார்க்க வயர் மாதிரி இருந்தாலும் காய்ந்த ஈர்க்குச்சியைப் போல டக்கென்று ஒடியும்.

இரண்டில் எதுவானாலும் செய்ய வேண்டியது ஒன்றே. வாடிய தண்டைக் கறை தெரியாத இடம் வரை வெட்டுங்கள். மண் மட்டம் வரை கறை இருந்தால் மண் மட்டத்திலேயே வெட்டுங்கள், தேவைப்பட்டால் கொஞ்சம் மண்ணை விலக்கிக் கீழேயும் வெட்டலாம். விழுந்த இலை, வெட்டிய தண்டு எதையும் அங்கே விடாதீர்கள், உரக்குழியிலும் போடாதீர்கள். பூஞ்சை அந்தக் குப்பையில்தான் தங்கியிருந்து அடுத்த முறை வரும். கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்துவிடுங்கள். அப்புறம் வழக்கம்போல் மண் காயாமல் தண்ணீர் விட்டுக்கொண்டு காத்திருங்கள். பூஞ்சைக்கொல்லி வாங்கிப் பணம் செலவழிக்க வேண்டாம். வெட்டிச் சுத்தம் செய்வதுதான் உண்மையில் வேலை செய்யும் மருந்து.

எவ்வளவு நாள் காத்திருப்பது? சில வாரத்தில் முளைத்ததும் உண்டு, ஒரு வருடம் எடுத்ததும் உண்டு. என்னிடம் இருந்த ஒன்று கோடையில் முழுதாகப் போய், அந்த வருடம் முழுக்கத் தலையே காட்டவில்லை. அந்த இடத்தில் வேறு செடி வைக்கக் குழி தோண்டப் போனேன். மண்ணை விலக்கும்போது, இரண்டு விரல் ஆழத்தில், பென்சில் முனை அளவில் கருஞ்சிவப்பாக மூன்று முளை. அப்படியே மண்ணை மூடிவிட்டேன். அடுத்த வருடம் அதில் எண்ண முடியாத அளவு பூ. அன்றிலிருந்து எந்த கிளெமாட்டிஸையும் இரண்டு வசந்தம் பார்க்காமல் நான் தோண்டியதில்லை.

அந்த முளைகள் வர முடிந்தது ஆழமாக நட்டிருந்ததால்தான். மற்றச் செடிகளை நடும்போது கழுத்தைப் புதைக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுப்பார்கள், அழுகிவிடும் என்று. பெரிய பூ கிளெமாட்டிஸுக்கு நேர் எதிர். தொட்டியில் இருந்த வேர்க்கட்டியின் மேல்பரப்பு தரை மட்டத்துக்கு 6 முதல் 8 சென்டிமீட்டர் கீழே போக வேண்டும். தண்டின் அடியில் ஒன்றிரண்டு கணுவாவது மண்ணுக்குள் போகவேண்டும். ஒவ்வொரு கணுவிலும் எதிரெதிராக இரண்டு உறங்கும் மொட்டு இருக்கிறது. புதைந்த கணு வேர் விடும், அடியிலிருந்து புதுத் தண்டுகளும் எழுப்பும். மேலே என்ன நடந்தாலும் இந்த மொட்டுகள் சேமிப்பு மாதிரி பத்திரமாகக் கிடக்கும். உங்கள் செடியைத் தொட்டியில் இருந்த மட்டத்திலேயே நட்டிருந்தால், இப்போது தோண்டி எடுத்து ஆழமாக வைக்க வேண்டாம். அடியைச் சுற்றி மக்கிய உரமும் மண்ணும் கலந்து சில சென்டிமீட்டர் மேடு கட்டுங்கள், போதும். இதெல்லாம் பெரிய பூ வகைகளுக்கு மட்டும். மொண்டானா, பசுமை மாறாத ஆர்மண்டி போன்ற மற்றக் கிளெமாட்டிஸ் இனங்களை இப்படிப் புதைக்காதீர்கள்.

பெரிய பூ வகைகளே ஏன் இப்படி அவதிப்படுகின்றன என்று கேட்டால், அவற்றின் வம்சத்தைப் பார்க்க வேண்டும். 1850-ல் ராபர்ட் ஃபார்ச்சூன் என்ற செடி சேகரிப்பாளர் சீனாவின் நிங்போ பக்கத்திலிருந்து லானுஜினோசா என்ற இனத்தை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். பெரிய பூ அதன் சொத்து. இங்கிலாந்தில் வோக்கிங் ஊரில் ஜாக்மேன் குடும்பத்தின் நாற்றுப்பண்ணை 1858-ல் அதைத் தெற்கு ஐரோப்பாவின் சிறுபூ விட்டிசெல்லா வழிவந்த செடிகளோடு கலப்பினச் சேர்க்கை செய்தது. 1862-ல் பூத்த நாற்றுகளில் ஒன்றுதான் ஜாக்மேனி, இன்றும் உலகத்திலேயே அதிகம் நடப்படும் ஊதா கிளெமாட்டிஸ்களில் ஒன்று. சீன இனத்தால் பூ பெரிதானது, நோய்க்கு இளகிய உடம்பும் அதன் வழியாகவே வந்தது என்பது தோட்டக்காரர்கள் பலரின் கணிப்பு. விட்டிசெல்லா வகைகளுக்கு இந்த வாடல் அநேகமாக வருவதே இல்லை என்பதைப் பார்த்தால் எனக்கும் அது சரியென்றே படுகிறது. அதனால் மறுபடி வாங்குவதானால், நோயைக் கண்டு சலித்துவிட்டீர்களானால், எத்துவால் வியோலெத் அல்லது போலிஷ் ஸ்பிரிட் என்ற விட்டிசெல்லா வகைகளைப் பாருங்கள். பூ சற்றுச் சிறியது, ஆனால் ஊதா நிறம் அபாரம், எண்ணிக்கையும் கொட்டும். பெரிய பூதான் வேண்டும் என்றால் ஜாக்மேனி, ஜிப்சி குயின், வார்சாவ்ஸ்கா நிக்கே. கடைசியில் சொன்னது வார்சா நகரில் துறவியாக இருந்த ஸ்டீஃபன் ஃபிராஞ்சாக் உருவாக்கியது. சிவப்பு கலந்த ஊதாவில் வெல்வெட் துணி போன்ற இதழ். தொட்டுப் பார்க்காமல் கடக்க முடியாது.

சரி, நடும் முறைக்கு வருவோம். குழி 45 சென்டிமீட்டர் அகலம், அதே ஆழம். சுவரோரம் என்றால் சுவரிலிருந்து 30 முதல் 45 சென்டிமீட்டர் தள்ளி. சுவரை ஒட்டிய மண் மழையிலும் நனையாது, அஸ்திவாரம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். செடியைச் சுவர் பக்கமாகச் சாய்த்து வைத்து, ஒரு குச்சியைப் பாலம் போலக் கொடுங்கள். வேர்கள் சதைப்பற்றாக, தடித்த நூல் போல இருக்கும், உதறாதீர்கள். தோண்டிய மண்ணில் மக்கிய தொழு உரத்தை மூன்றில் ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். ஈரம் பிடிக்க வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. களிமண் என்றால் குழியின் அடியைக் கடப்பாரையால் கிளறிவிடாமல் நடாதீர்கள், இல்லாவிட்டால் அது வாளி போல நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சுண்ணாம்பு போட்டே ஆகவேண்டும் என்று யாராவது சொல்வார்கள். ஐரோப்பாவின் காட்டு கிளெமாட்டிஸ் ஒன்று சுண்ணாம்புப் பாறை நிலத்தில் செழிப்பாக வளர்வதைப் பார்த்து வந்த நம்பிக்கை அது. மண் கடும் அமிலமாக இல்லாவிட்டால் சுண்ணாம்பு தேவையில்லை.

வேர் நிழலில், தலை வெயிலில் என்று சொல்வதையும் கேட்டிருப்பீர்கள். அதன் உண்மையான பொருள் வேர் காயக் கூடாது என்பதுதான். அடியில் கூழாங்கல்லோ தட்டையான ஓடோ பரப்பலாம், சின்னச் செடிகள் வைக்கலாம், ஆனால் கிளெமாட்டிஸோடு தண்ணீருக்குச் சண்டை போடும் முரட்டுச் செடி வேண்டாம். என்னைக் கேட்டால் இலைச் சருகு மூடாக்கு எல்லாவற்றையும் விட நல்லது. தண்டை ஒட்டிப் போடாமல் நான்கு விரல் தள்ளிப் போடுங்கள். முதல் இரண்டு வருடம் வளரும் பருவத்தில், மழை இல்லாத வாரத்துக்கு இரண்டு வாளி தண்ணீர், மெதுவாக, ஆழமாக. தினமும் மேலோட்டமாகத் தெளிப்பதால் வேர் மேலேயே தங்கிவிடும். தலைக்கு ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். அடர் ஊதா வகைகள் வெயிலில் அவ்வளவாக வெளுக்காது. வெளிர் நிறத்தில் கோடு போட்ட வகைகள்தான் நேர் வெயிலில் பழைய துணி மாதிரி ஆகிவிடும்.

குளிர்காலம் என்று ஒன்று உண்மையில் வரும் இடங்களுக்கான செடி இது என்பதையும் சொல்ல வேண்டும். கொடி உறங்கி எழக் குளிர் வேண்டும். வருடம் முழுக்கச் சூடாக இருக்கும் சமவெளியில் பெரிய பூ வகைகள் இழுத்துக்கொண்டு கிடக்குமே தவிர, செழிக்காது. அங்கே இதற்காகப் பாடுபட வேண்டாம் என்பதே என் எண்ணம்.

உரத்தைப் பொறுத்தவரை வசந்தத்தில் துளிர் விடும்போது ஒரு முறை ரோஜாவுக்குப் போடும் உரம், அப்புறம் மொட்டுத் தெரியும் வரை சாம்பல் சத்து அதிகமுள்ள உரம். தழைச்சத்தை அள்ளிப் போட்டால் இலைதான் வரும், அந்த இளகிய தண்டு நோய்க்கு வசதியாகிவிடும். மொட்டு விரியத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இந்தக் கொடி எப்படி ஏறுகிறது என்று ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவரைபோலத் தண்டைச் சுற்றி ஏறாது, பாகல்போலப் பற்றுக்கம்பியும் கிடையாது. இலைக்காம்பேதான் கை. இளம் காம்பு ஒரு கம்பியைத் தொட்டால், தொட்ட பக்கம் வளர்ச்சி குறைந்து மறுபக்கம் நீள, காம்பு மெல்ல வளைந்து ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளும். காலையில் கம்பியின் மேல் சும்மா சாய்ந்திருந்த காம்பு, மறுநாள் பார்த்தால் முடிச்சுப் போட்டது போல இருக்கும். பிறகு அது கெட்டியாகி, அடுத்த குளிர்காலத்தில் காய்ந்த பின்னும் விடாது. வெட்டி எடுக்கும்போது ஒவ்வொன்றாகக் கத்தரிக்க வேண்டியிருக்கும். சின்னக் கை என்பதால் தடிமனான எதையும் பிடிக்க முடியாது. பென்சில் தடிமனுக்கு மேல் போனால் சுற்ற இயலாமல் வழுக்கிவிடும். மூங்கில் கழி வைத்துவிட்டு ஏறவில்லையே என்பவர்கள் பலர். கம்பி வலை, மெல்லிய சணல் கயிறு, குச்சிப் படல் போதும்.

ஏறத் தொடங்கும்போதே தண்டுகளை விசிறி போலப் பக்கவாட்டில் பரப்பி, தளர்வாகக் கட்டிவிடுங்கள். விட்டால் நேரே உச்சிக்குப் போய் அங்கே ஒரு குவியலாகப் பூத்து, கண் மட்டத்தில் வெறும் காய்ந்த கால்களைக் காட்டும். தண்டு கிடையாகப் போனால் ஒவ்வொரு கணுவிலிருந்தும் கிளை மேலே எழும்.

கவாத்துக்கு, அதாவது தண்டு வெட்டிவிடுவதற்கு வருகிறேன், அதிகம் பேர் பயப்படுவது இங்கேதான். பெரிய ஊதாப் பூ வகைகளில் இரண்டு கூட்டம். ஒன்று, போன வருடத்துத் தண்டில் கோடைக்கு முன்னாலேயே பெரிய பூ விட்டு, கோடைக் கடைசியில் இன்னொரு முறை கொஞ்சம் பூப்பது; தி பிரசிடெண்ட் இந்தக் கூட்டம், இதுவும் இங்கிலாந்தில் 19-ஆம் நூற்றாண்டில் பிறந்ததுதான். இதற்குக் குளிர்காலக் கடைசியில் காய்ந்ததையும் மெலிந்ததையும் மட்டும் எடுத்து, ஒவ்வொரு தண்டையும் மேலிருந்து முதல் பருத்த மொட்டு ஜோடி வரை வெட்டினால் போதும். மற்றது, அந்த வருடம் புதிதாக எழும் தண்டின் நுனியில் கோடை நடுவில் பூப்பது. ஜாக்மேனி, ஜிப்சி குயின், வார்சாவ்ஸ்கா நிக்கே எல்லாம் இது. இதற்குக் குளிர்காலக் கடைசியில் எல்லாத் தண்டையும் தரையிலிருந்து 30 சென்டிமீட்டரில், ஒரு நல்ல மொட்டு ஜோடிக்கு சற்று மேலே வெட்டுங்கள். கை நடுங்கும், தெரியும். ஆனால் வெட்டாமல் விட்டால்தான் வருடா வருடம் பூ உச்சிக்கு ஏறிக்கொண்டே போகும். எந்தக் கூட்டமானாலும் நட்ட முதல் குளிர்காலத்தின் முடிவில் 30 சென்டிமீட்டருக்கு வெட்டத்தான் வேண்டும். ஒற்றைத் தண்டாக வாங்கிய செடி அப்போதுதான் அடியிலிருந்து நாலைந்து தண்டாகும், ஒரு தண்டு வாடினாலும் மற்றவை நிற்கும்.

உங்கள் பூவில் எட்டு இதழ், சீக்கிரம் பூத்தது என்பதால் தி பிரசிடெண்ட் வகையாக இருக்கலாம். ஜாக்மேனிக்குப் பெரும்பாலும் நான்குதான். ஆனால் முதல் வருடத்துப் பூவின் காலத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள், கண்ணாடிக் குடிலில் வளர்த்து விற்ற செடி முன்னாலேயே பூக்கும். எப்படியும் இப்போது எல்லாத் தண்டும் போய்விட்டதால், அடுத்த வருடம் வருவதெல்லாம் புதுத் தண்டு. வெட்டும் கேள்வியே எழாது. அது முதல் கூட்டமானால் முன்கோடைப் பூ தவறி, தாமதமாகப் பூக்கும். பயப்படாதீர்கள். அதற்கடுத்த வருடம் எந்தத் தண்டில் பூக்கிறது என்று பார்த்தால் விடை தெரிந்துவிடும். பூவில் நாம் இதழ் என்று சொல்வது உண்மையில் புல்லி இதழ். அல்லி இதழ் இதற்கு இல்லை. அதனால்தான் மொட்டுக்குப் பச்சை உறை கிடையாது, மொட்டே பச்சையாக இருந்து நிறம் ஏறி விரிகிறது. குளிர் நீண்ட வருடத்தில் முதல் பூக்கள் பச்சைத் திட்டோடு வருவதும் இதனால்தான், நோயல்ல.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அடர் ஊதா, தூரத்திலிருந்து பார்த்தால் நிழலோடு கரைந்துவிடும். கருஞ்செங்கல் சுவரிலும் இருண்ட வேலியிலும் அதன் அழகு பாதி வீண். வெளிர் சுவர், வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு ரோஜா, சாம்பல் நிற இலைச்செடி ஏதாவது பின்னால் இருந்தால் அதே பூ பளிச்சென்று முன்னால் வரும். வெட்டும்போது கையுறை போடுங்கள், இதன் சாறு சிலருக்குத் தோலில் எரிச்சலும் கொப்புளமும் தரும். குழந்தைகளும் பிராணிகளும் மெல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செடி மீண்டதும் காப்பாக ஒரு பதியம் போட்டு வையுங்கள். வசந்தத்தில் ஒரு நீண்ட தண்டைத் தரைக்கு வளைத்து, ஒரு கணுவின் அருகே லேசாகக் கீறி, மண் நிரப்பிய சின்னத் தொட்டியில் அந்தக் கணுவைக் கம்பி வளைவால் அழுத்திப் புதைத்து ஈரமாக வைத்திருங்கள். ஒரு வருடத்தில் வேர் பிடிக்கும், தாயிடமிருந்து வெட்டிக்கொள்ளலாம். தண்டுத் துண்டு வைப்பதானால் மற்றச் செடிகளைப்போலக் கணுவுக்குக் கீழே வெட்டாமல், இரண்டு கணுவுக்கு நடுவில் வெட்டுங்கள்; கிளெமாட்டிஸ் அங்கிருந்தே வேர் விடும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: வாடியதை வெட்டி அப்புறப்படுத்துங்கள், மண் மேடு கட்டுங்கள், யாரும் மிதிக்காமலும் தோண்டாமலும் இருக்கச் சுற்றி நான்கு குச்சி நட்டு வையுங்கள். வசந்தம் வரும்போது இரவில் டார்ச் எடுத்துப் போய் நத்தைகளைப் பொறுக்குங்கள், ஒரே இரவில் முளையை மழித்துவிடும். வரும் முளை பச்சையாக இருக்கும் என்று தேடாதீர்கள். பெரும்பாலும் கருஞ்சிவப்பாக, நுனி கூர்ந்து, இலையை இறுக மூடிக்கொண்டு வரும். களையென்று நினைத்துக் கிள்ளிவிட வேண்டாம்.